ரோஜாப்பூ போட்ட பட்டுச் சட்டை

லாரி மெக்கானிக் நார்பர்ட், ரோஜாப்பூ போட்ட பெண்கள் பட்டுச் சட்டையில் பவுலிங் கூடத்துக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் கட்டைகளை நோக்கிப் பந்து உருட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

விலாவில் வந்த அக்கி ஆறி மாசக்கணக்காகியும் நரம்பு வலி அவனை விடவில்லை. சாதாரணத் துணி பட்டாலே நெருப்பாக எரிந்தது. மாத்திரை தலையைச் சுற்ற வைத்தது. தோலில் ஒட்டி மரத்துப்போக வைக்கும் மருந்துப் பட்டைக்கு வலி கொஞ்சம் கேட்டது. அடுத்து முதுகுத்தண்டுப் பக்கம் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை அவன் உடம்பு பொறுத்துக்கொண்ட ஒரே துணி பட்டுதான்.

விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் சிரிக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். நார்பர்ட் திரும்பிப் போகப் பார்த்தான்.

அப்போதுதான் எதிரணி வெர்னன் எழுந்தான். "வாடி கண்ணு, வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திட்டு வர்றாரா?"

யாரோ பீரைத் துப்பினார்கள்.

நார்பர்ட் நின்றான். "அவரு வரலை. பந்துக்குப் பதிலா நீ தொப்பையை உருட்டுவேன்னு பயந்துட்டாரு."

கூடமே வெடித்துச் சிரித்தது. அதன்பிறகு வெர்னன் விடவே இல்லை. லிப்ஸ்டிக் எங்கே என்றான். நடையில் நளினம் போதாது என்றான். சிரிக்க வைக்காதே, விலா எரிகிறது என்று கெஞ்சிக்கொண்டே நார்பர்ட் எல்லாக் கட்டைகளையும் சாய்த்தான்.

அங்கே விளையாட வருபவர்களுக்கு ஷூ வாடகைக்குக் கொடுக்கும் ஆர்லீனுக்குத்தான் பொறுக்கவில்லை. வலியில் தவிக்கிறவனிடம் இப்படியா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் வெர்னனை நாலு வார்த்தை கேட்டுவிடப் பனியில் வெளியே ஓடினாள்.

நார்பர்ட்டின் வண்டியருகே இருவரும் நின்றிருந்தார்கள். வெர்னன் ஒரு பையை நீட்டினான். உள்ளே இன்னும் இரண்டு பட்டுச் சட்டைகள், நன்றாக மடித்து வைத்தவை. ரோஜாப்பூவைப் போலவே இவையும் போன வருஷம் இறந்துபோன வெர்னனின் மனைவி லோயிஸ் போட்டுக்கொண்டிருந்தவை.

"ரோஜாப்பூவைத் துவைச்சுப் போட்டுட்டு, அடுத்த வாரம் இந்த நீலத்தைப் போட்டுக்கோடா," என்றான் வெர்னன். "ஆனா, அவளும் நீயும் ஒரே சைஸுன்னு மட்டும் வெளியே சொல்லிடாதே. மேலேயிருந்து இறங்கி வந்து என்னை உதைப்பா."