சுவரோரம் கொஞ்சம் புல்

"புல்லுதான்" என்றார் அந்த அம்மா.

"சிமெண்டுதான்" என்றார் அவர் கணவர்.

நான் டேப்பை இழுத்துப் பிடித்தபடி இருவருக்கும் நடுவில் நின்றேன்.

பதினேழு வருடமாகத் தரை போடுகிறவன். எதையும் ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவேன். முன்வாசல் படியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். புது ஃபிரிட்ஜ் இறக்கியிருக்கிறார்கள் என்று வரும்போதே கண்டுகொண்டேன். எந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே மட்டும் பிடிபடவில்லை.

பின்பக்கம் இருபதுக்குப் பதினைந்து அடி. வெறும் மண், இரண்டு கொடிக் கம்பம், மூலையில் ஒரு குழாய். மகளுக்காகத்தான் இந்த வேலையே என்று போனில் சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாளாம். வெளியே வந்து காற்று வாங்க ஓர் இடம் வேண்டுமாம்.

ஏதோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிற பெண் என்று முடிவு செய்துகொண்டேன். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தோள்வரைதான் தெரிந்தது.

"தம்பி, கான்கிரீட் போட்டா மேடு பள்ளம் வராதே? ஒரு இடத்துல கூடத் தட்டக் கூடாது" என்றார் கணவர். இதையே மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். பின்பக்கத்தில் கேரம் விளையாடப் போகிறாரோ என்று தோன்றியது.

அந்த அம்மா நான் கொண்டுபோன செயற்கைப் புல் துண்டைக் கையில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"இதுக்கு அடியில இன்னும் மெத்துன்னு ஏதாவது போடலாமா தம்பி? விழுந்தா அடிபடக் கூடாது."

"சும்மா விழுவா விழுவான்னு ஏன் சொல்ற?" என்றார் கணவர்.

"நீங்க ஏன் விழவே மாட்டான்னு முடிவு கட்டறீங்க?"

விழாமல் இருந்தால் நல்லதுதானே, அதற்கு ஏன் இந்தம்மா கண் கலங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கணவன் மனைவி வழக்கில் தலையிட்டு எவனும் உருப்பட்டதில்லை. எனக்கென்று ஒரு வழி இருக்கிறது. புல் துண்டைக் கீழே போட்டு, வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்வேன். பாதம் பட்டதும் பாதிப் பேர் அங்கேயே முடிவு சொல்லிவிடுவார்கள்.

யாருக்காகப் போடுகிறோமோ அவர்களே நிற்பதுதான் முறை. துண்டை மண்ணில் விரித்து ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"ஏம்மா, செருப்பக் கழட்டிட்டு வந்து இது மேல நின்னு பாரு. அப்பா அம்மா சண்டை ஒரு நிமிஷத்துல தீந்துடும்."

கணவர் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜன்னலில் தெரிந்த தலை எழுந்திருக்கவில்லை. அதே உயரத்தில் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. பின்வாசலுக்கு வந்து நின்றபோதுதான் சக்கர நாற்காலியைப் பார்த்தேன்.

அதற்குமேல் அவளால் வர முடியாது. அங்கே ஒரு படி இருந்தது. ஆறு அங்குலம். சற்று முன்பு நானே அளந்து எழுதியிருந்தேன்.

என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

அவள் சிரித்தாள். "நிக்கறதுக்குத்தாண்ணா இவ்வளவு பாடு. இங்க குடுங்க, கையால பாக்கறேன்."

எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் மடியில் போட்டுத் தடவிப் பார்த்தாள். புரட்டி, அடியில் இருந்த ரப்பரையும் பார்த்தாள்.

எட்டு மாதம் ஆகிறது என்று அவள் அப்பா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். பைக் விபத்து. இனி நாற்காலிதான் என்று டாக்டர் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னதை அந்த அம்மா பிடித்துக்கொண்டிருக்கிறார். சக்கரம் தட்டாமல் உருள அவருக்குச் சிமெண்ட் வேண்டும். மகள் எழுந்து நின்று விழ, அந்த அம்மாவுக்குப் புல் வேண்டும்.

"இது மேல சக்கரம் ஓடுமாண்ணா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இழுக்கும்மா. தள்ளித் தள்ளிக் கை ஓஞ்சு போயிடும்."

"அப்ப சிமெண்டே போடுங்க."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்தவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"அந்தச் செவுத்தோரம் மட்டும் புல்லு" என்றாள் அவள். "பிடிச்சுக்க ஒரு கம்பியும்."

பென்சிலை எடுத்தேன். "செவுத்துலேர்ந்து எவ்வளவு அகலம்மா?"

"என் உயரம் போதும். விழுந்தா அதுக்குள்ளதானே விழுவேன்?"

டேப் கையில்தான் இருந்தது. உட்கார்ந்திருக்கும் பெண்ணை எப்படி அளப்பது? "உன் உயரம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அஞ்சடி நாலு அங்குலம்."

இருவரும் சேர்ந்து சொன்னார்கள். நான் வந்ததிலிருந்து அவர்கள் ஒன்றுபோலச் சொன்னது அது ஒன்றுதான்.

விழுகிறவர்கள் கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் விழுவார்கள்.

நான் ஏழடி என்று எழுதிக்கொண்டேன்.