இருபத்திமூணு ஓம்

"இருநூத்தி முப்பது வோல்ட். பத்து ஆம்பியர். இப்ப ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு? சொல்லுங்க பார்ப்போம்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனுஷனைப் பார்த்து அண்ணி இப்படிக் கேட்டதும் தங்கைக்குச் சுருக்கென்றது.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. வலது கை இன்னும் அசையவில்லை. ஓயாமல் வளவளத்துக்கொண்டிருந்தவனுக்கு, பேச்சு இப்போதுதான் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வருகிறது. இருபத்தைந்து வருஷம் எலெக்ட்ரீஷியனாக ஓடியாடினவன் ஒரு டம்ளர் தண்ணீருக்கு நர்ஸ் முகத்தைப் பார்த்துக் கிடக்கிறான். அவனிடம் வந்தா வெந்நீர் ஹீட்டர் சூடாகவில்லை என்று புகார்?

அண்ணன் உதட்டை அசைத்தான். "ரெண்டாயிரத்து... முந்நூறு."

"அது பவருங்க. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிட்டீங்க, வாட் வந்துருச்சு. ரெசிஸ்டன்ஸுக்கு வகுக்கணும். நிதானமா யோசிங்க."

அண்ணி மடியில் நோட்டை விரித்து வைத்தபடி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். "முப்பது?"

"ஐயோ, இல்லைங்க."

பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். தங்கைக்கு மானம் போயிற்று.

நாற்பது தப்பு. இருபது தப்பு. ஒருவழியாக அரைமணி கழித்து அண்ணன் "இருபத்திமூணு" என்றான்.

"ஆங், இருபத்திமூணு ஓம்! அவ்வளவுதான்!" அண்ணி நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். ரெண்டு மணிக்கு அவளுக்குச் சலவை ஆலையில் ஷிப்ட். அவள் போன வழியையே அண்ணன் பார்த்துக் கிடந்தான்.

தங்கை மாடிப்படியில் ஓடிப் பிடித்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம். 'எப்படி இருக்கீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? முந்தாநாள் டோஸ்டர், நேத்து இஸ்திரிப் பெட்டி, இன்னிக்கு ஹீட்டர். முடியாம படுத்துக் கிடக்கறவனைப் பரீட்சை எழுத வைக்கறீங்களே, மனசு கேட்குதா?"

"வீட்டுல ரிப்பேர்னா நான் வேற யாரைம்மா கேட்கறது?" என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

யாரைக் கேட்பதாம்! தங்கைக்கு ராத்திரி முழுக்க ஆறவில்லை. மறுநாள் காலையில், அண்ணனோடு வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கையோடு அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மீட்டர் வைத்தும் பார்த்தார்.

"யாரும்மா ரிப்பேர்னு சொன்னது? எல்லாம் ஜோரா ஓடுது. ஹீட்டர் தண்ணியைத் தொட்டுப் பாருங்க, கை வெந்துரும்."

தங்கை நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அண்ணே, அண்ணி உன்கிட்டப் பொய் சொல்றாங்க. வீட்டுல ஒரு ரிப்பேரும் இல்லை. ஆள் வச்சுப் பார்த்துட்டேன்."

அண்ணன் சிரித்தான். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது.

"தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டாயிரத்து முந்நூறு வாட் இழுக்கற ஹீட்டர்... சூடாகலைன்னா... எவன் நம்புவான்? உங்க அண்ணிக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியலை." மூச்சு வாங்கிக்கொண்டான். "டாக்டர் சொன்னாராம்... தெரிஞ்ச வேலையைப் பத்தியே பேச்சுக் குடுங்க... அப்பதான் மூளை பழையபடி ஓடும்னு. அவ எட்டாவதுதான் படிச்சிருக்கா. என் பழைய புஸ்தகத்தை எடுத்து வச்சு... வோல்ட், ஆம்பியர், ஓம்... எல்லாம் தானாவே கத்துக்கிட்டா."

தங்கைக்கு, மாடிப்படியில் தான் பேசின பேச்சு ஒவ்வொன்றும் திரும்பிவந்து குத்தியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது.

"இரு, இரு. அப்ப உனக்குக் கணக்கு வருதா? இருநூத்தி இருபது வோல்ட், எட்டு ஆம்பியர். சொல்லு."

"இருபத்தேழரை ஓம். ஆயிரத்து எழுநூத்தி அறுபது வாட்."

தங்கை போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வகுத்தாலும் சரி, பெருக்கினாலும் சரி, ஒரு புள்ளி பிசகவில்லை.

"அடப்பாவி அண்ணே! பின்னே எதுக்கு அண்ணிகிட்ட முப்பது, நாப்பதுன்னு உளறிக்கிட்டிருந்தே?"

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். வராந்தாவில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டு முகம் மலர்ந்தது. வந்தது நர்ஸ்.

"முதல் நாள் சரியாச் சொன்னேன்... ரொம்ப சந்தோஷப்பட்டா. கடைக்குப் போயிட்டு ஷிப்டுக்குப் போகணும்னு... உடனே எழுந்து போயிட்டா." மறுபடி வாசலைப் பார்த்தான். "தப்பாச் சொன்னா... இன்னும் அரைமணி பக்கத்துல உக்கார்றா."