நம்ப முடியாத எபிசோட்

"இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?" என்று சலித்துக்கொண்டாள் ஃபெலிசியா.

பெர்மாஸ் ஜெயா வீட்டு ஹாலில் கொரிய மர்மத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

"எதைச் சொல்றே?" என்றார் கணவர் அல்போன்ஸ்.

"கொலையைப் பார்த்த ஒரே சாட்சி அந்தப் பொண்ணு. கொலைகாரன் அவ கண்ணைக் கெடுத்துட்டான். டாக்டர்களே கைவிட்டுட்டாங்க. இன்னிக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் பளிச்சுன்னு தெரியுதாம். அலமாக், எழுதினவனுக்கு மூளை இல்லையா?"

"கதைதானே லா, விடு."

"அப்புறம் ஏன் அழுவுறா?"

"சந்தோஷத்துல."

"இத்தனை நாள் நல்லாத்தான் போச்சு. கடைசியில கெடுத்துட்டான்."

சிங்கப்பூர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மகள் ஷரோன் திரையைப் பார்த்தாள். அந்தப் பெண் கைகளால் காற்றைத் துழாவி அழுதுகொண்டிருந்தாள். ஆபரேஷன் பலிக்கவில்லை என்று கீழே மலாய் வரிகள் ஓடின.

ஷரோன் திகைத்து அப்பாவைப் பார்த்தாள். அவர் சொல்லாதே என்பதுபோல் தலையசைத்தார்.

அம்மாவின் இரண்டு கண்களிலும் கட்டு. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அப்பாதான் அந்த மலாய் வரிகளைப் படித்து, அம்மாவுக்குத் தமிழில் கதை சொல்லி வந்தார்.

"எங்கேயோ இடிக்குது" என்றாள் ஃபெலிசியா. "நாளைக்குக் கட்டு அவுத்ததும் இந்த எபிசோட நானே திரும்பப் பார்க்கப் போறேன்."

"பாரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் அல்போன்ஸ்.

தன் பொய் நாளைக்கே பிடிபட்டுவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டார்.