முதல் நாவல்

டெல்லா நாவலை முடித்த அன்று அவள் தங்கை ஐரிஸ் கேக் வாங்கி வந்தாள். லண்டன் ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டிய மூன்று அத்தியாயங்களும் ஒரு கடிதமும் மேஜையில் தயாராக இருந்தன. ஏஜென்டுக்குப் பிடித்தால்தான் பதிப்பகத்தின் கதவு திறக்கும்.

"என்னக்கா, 'இது என் முதல் நாவல்'னு மட்டும் போட்டிருக்க? ஒன்பது வருஷமா பிளைத் வீட்ல டைப் அடிக்கிற. அவர் பேரைப் போடேன். கால்பந்து ஆடிட்டிருந்து, பன்னண்டு துப்பறியும் நாவல் எழுதின மனுஷன்!"

"போடக் கூடாது. அவர் வேலையைப் பத்தி வெளியில பேச மாட்டேன்னு எழுதி வாங்கியிருக்காங்க."

"நல்ல ஆளுகிட்ட மாட்டின, போ."

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஐரிஸ் உரக்கப் படித்தாள்.

'கதை நன்று. ஆனால் வரிக்கு வரி பிளைத்தின் நடையைக் காப்பியடித்திருக்கிறீர்கள். உங்களுக்கென்று ஒரு நடை வந்த பிறகு அனுப்புங்கள்.'

"அவர் எழுதினதையே அடிச்சு அடிச்சு உனக்கும் ஒட்டிக்கிச்சு. ஐம்பத்தெட்டு வயசுல புது நடைக்கு எங்க போவ?"

டெல்லா கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

பிளைத் டீக் கோப்பையோடு அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"மதியம் பேட்டிக்கு வர்றாங்க, டெல்லா. என் புது நாவல்ல கொலையாகுறது யாருன்னு சொல்லிடு. போன தடவை மாதிரி திருதிருன்னு முழிக்க முடியாது."

"ஒரு ஏஜென்ட்," என்றாள் டெல்லா.