பதினேழு வெட்டுகள்

பகல் தூக்கம் கலைந்து எழுந்த பெரியவள், தன் காலைப் பார்த்ததும் உறைந்துபோனாள்.

கணுக்காலுக்கு மேலே ஒரு குழி. யாரோ பெருவிரலால் அழுத்திவிட்டு இப்போதுதான் கையை எடுத்த மாதிரி. அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல மேடேறி மறைந்தது.

அறையில் யாருமில்லை. கதவு சாத்தியிருந்தது. கூடத்தில் சின்னவளின் தையல் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

நேற்றும் இதே குழி. முந்தாநாளும்.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் மூன்று வாரமாகப் பேச்சு கிடையாது.

"அக்கா, உங்க கால் வீங்கியிருக்கு. டாக்டர்கிட்ட போலாம்" என்று சின்னவள் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை பெரியவள் வெடித்துவிட்டாள்.

"நான் படுக்கையில விழணும்னு காத்திருக்கியா? என் காலைப் பார்க்கறதை விட்டுட்டு உன் துணியைப் பாரு!"

அன்றோடு சரி. பிறகு கொழுந்தன்தான் நடுவில் தபால்காரர்.

"தம்பி, சாப்பாட்டுல உப்பே இல்லைன்னு உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு."

"உப்பு இனிமே அவ்வளவுதான்னு உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க."

மறுநாள் பகலில் பெரியவள் தூங்கவில்லை. தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

மெஷின் நின்றது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. வெறுங்கால்கள் கட்டில் அருகே வந்து நின்றன.

மெல்லிசாக ஏதோ ஒன்று கணுக்காலைச் சுற்றியது. பிறகு ஒரு விரல் அழுத்தமாகப் பதிந்தது, எடுபட்டது. அதன்பின் முணுமுணுப்பு.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நாற்பத்தைந்து வரை போய் நின்றது. கத்தரிக்கோல் 'கறுக்' என்றது. கால்கள் வந்த வழியே போயின.

வாசலில் யாரோ கூப்பிட, சின்னவள் கதவைத் திறக்கப் போனாள். அந்தச் சமயம் பார்த்துப் பெரியவள் கூடத்துக்கு வந்து மெஷின் டிராயரை இழுத்தாள்.

ஊசிக்கும் சாக்குக்கட்டிக்கும் நடுவே ஒரு நீளக் காகிதப் பட்டை. அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள். எண்ணினாள். பதினேழு. ஒவ்வொன்றும் முந்தினதைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தது.

அதைத் தன் கணுக்காலில் சுற்றினாள். கடைசி வெட்டில் கச்சிதமாக வந்து பொருந்தியது.

"அடி சூனியக்காரி!"

அலறிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பத்தடி தூரம்தான், அதற்குள் இரைத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளவு கொடுக்க வந்திருந்த வாடிக்கைக்காரி துணியைச் சுருட்டிக்கொண்டு நழுவினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர் வீட்டு ஜன்னலும்தான்.

சின்னவள் காகிதத்தைப் பார்த்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள். ஏறி இறங்கும் பெரியவளின் நெஞ்சைப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் வச்சேன்" என்றாள் நிதானமாக.

பெரியவள் காகிதத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அதை எடுக்க ஒருத்தராலதான் முடியும். இப்பவே போகணும்."

"இப்பவே எதுக்குடி?"

"மல்லாந்து படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கா?"

பெரியவள் யாரிடமும் சொல்லாத விஷயம்!

"இ... இருக்கு."

"போன வாரம் ஒரு தலையணை. இப்ப எத்தனை?"

"மூணு."

"அப்ப நாளைக்குன்னு தள்ள முடியாது. முட்டி வலிக்கு நீங்களா கடையில வாங்கி முழுங்கறீங்களே, அந்த மாத்திரையையும் எடுத்துக்குங்க. அவர் கேப்பார்."

வண்டியில் பெரியவள் காகிதப் பட்டையை விடாமல் பிடித்திருந்தாள். வண்டி நின்ற இடத்தில் மருந்து வாடை அடித்தது.

"நீங்க சொன்ன அக்கா இவங்கதானா?" என்று கேட்டபடியே டாக்டர் காலில் விரலை வைத்து அழுத்தினார். அதே குழி!

"முந்தாநாள் முப்பது எண்ணறதுக்குள்ள பாதி மேடாச்சு டாக்டர். இன்னிக்கு நாற்பத்தஞ்சு ஆயிடுச்சு. மூச்சும் வாங்குது."

டாக்டர் காகிதப் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருந்தாலோ, உப்பு அதிகமானாலோகூட கால்ல நீர் கோக்கும்மா. காலைத் தூக்கி வச்சா பெரும்பாலும் இறங்கிடும். உங்களுக்கு நாளுக்கு நாள் ஏறுது. கூடவே மூச்சும் வாங்கினா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. இதயமா, சிறுநீரகமா, இந்த வலி மாத்திரை பண்ணின வேலையான்னு பார்க்கணும். இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பற மாதிரி இல்லை."

மூக்கில் குழாயோடு படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பெரியவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. கால்மாட்டில் சின்னவள் அந்தக் காகிதப் பட்டையைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அத்தனை ஜன்னலும் கேட்டுக்கிட்டிருந்துச்சு. நாளைக்கு எவ உன்கிட்ட துணி தைக்கக் கொடுப்பா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சின்னவள் நிமிராமலே சொன்னாள்:

"டாக்டர்கிட்ட போலாம்னு மூணு தடவை உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டேன், நீங்க அசையலை. சூனியம் வச்சேன்னு ஒரே ஒரு பொய்யை ஒத்துக்கிட்டேன். செருப்புகூடப் போடாம வண்டியில ஏறிட்டீங்களே அக்கா!"