நான்காம் கட்ட வாக்கெடுப்பு

ஒற்றை மனிதன் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி, விதியையே எதிர்கொள்ளும் மாபெரும் பந்தயம் அது. விதி என்றால் வேறொன்றுமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் படகு எந்த வழியில் போக வேண்டுமென்று போனில் வாக்களிக்கும் நாற்பது லட்சம் பார்வையாளர்கள்தான்.

நான்காம் கட்டத்துக்குப் புயல் வழி, அமைதி வழி என்று இரண்டு இருந்தன. யார் எதற்குப் போட்டார்கள் என்பது பெயரோடு திரையில் ஓடும். தூத்துக்குடியில், படகோட்டி செலஸ்டினின் மனைவி ஜெசிந்தா புயலை அமுக்கினாள். வீரனின் பெண்டாட்டியே பயந்துவிட்டாள் என்று தெருவில் யாரும் சிரித்துவிடக் கூடாதே! அமைதி எப்படியும் ஜெயித்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

மதியம் முடிவு வந்தது. புயல்.

நாத்தனார் லூர்து தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். “எங்க அண்ணன சாவடிக்கவா பாக்கிய, மதினி?”

“நீ எத அமுக்குன?”

“புயலத்தான். நம்ம குடும்பத்துக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேரு வந்துரக் கூடாதுல்லா?”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். யாரும் தொடாமலே சுக்கான் திரும்பியது. படகு கறுத்த வானத்தை நோக்கிப் போனது. செலஸ்டின் இரு கைகளாலும் சுக்கானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை.

கீழே வாக்கு விவரம் ஓடியது. அமைதி வழிக்கு விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது செலஸ்டின் போட்டது.