கட்டைவிரல் கயிறு

ஏழாவது மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து தணிகாசலத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏனென்று அவருக்கே புரியவில்லை. இரவெல்லாம் பால் வேன் ஓட்டிவிட்டுப் பகலில் படுத்தால் கண் சொருகும். அடுத்த நிமிடமே பதறி எழுந்து வாசலைப் பார்ப்பார். நேற்று வேனைச் சாலைத் தடுப்பில் உரசிவிட்டார். இன்னொரு தடவை ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்படி முதலாளி சொல்லிவிட்டார்.

வெள்ள ஆபத்து என்று காலிசெய்யச் சொன்ன ஆற்றங்கரை வீட்டில் இருபது வருடம் அயர்ந்து தூங்கியவர்தான். அங்கே வாசல்படியில் மூடிய எண்ணெய் டின் ஒன்று இருக்கும். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கால் கட்டைவிரலில். தண்ணீர் படியேறினால் டின் மிதக்கும், ஓட்டம் அதை இழுக்கும், விரல் சுண்டும். மூன்று முறை அப்படித்தான் எழுந்து தெருவையே எழுப்பினார்.

"தூக்கத்துல உன் விரலு கயித்தைத் தேடுதுய்யா," என்றாள் மனைவி பேபி. "நானும் பாத்துக்கினுதான கீறேன்."

"அதுக்கு? இம்மாம் ஒசரத்துக்கு வெள்ளம் வருமா?"

"குழாத் தண்ணியே ஏற மாட்டேங்குது. அது எப்ப வரும்னு நான்தான் கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு குந்தியிருக்கேன்."

தணிகாசலம் சமையலறைக் குழாயையே சற்று நேரம் பார்த்தார். இன்னும் பிரிக்காத மூட்டையிலிருந்து அந்த டின்னை எடுத்து, மூடியை வெட்டினார். குழாயைத் திறந்துவைத்து, டின்னை அதன் கீழே தொங்கவிட்டு, கயிற்றைக் குழாயின் கழுத்துக்கு மேலாகக் கொண்டுவந்து விரலில் கட்டிக்கொண்டு படுத்தார். பேபியும் பக்கத்தில் படுத்தாள். தண்ணீர் வந்தால் டின் நிரம்பும். கனம் கூடிக் கீழே இறங்கும். கயிறு அவர் விரலைச் சுண்டும்.